பஸ் காசும் வைத்தியம்தான்

போன மாதம் ஒரு ரிசார்ட்டுக்காரர் கடைக்கு வந்து தமிழில் ஒரு நோட்டீஸ் அடித்துத் தரச் சொன்னார். கோத்தகிரியில் இ-சேவை மையமும் ஜெராக்ஸ் கடையும் சேர்த்து நடத்துகிறவளுக்கு இது புதுசு இல்லை, வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போடுகிற அதே கையால் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடிப்பதுதான். இந்த நோட்டீசில் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படம் (கொழுந்து பறிக்கிற பெண் இல்லை, அவளுக்குக் கண்ணை மூட நேரம் ஏது). வெண்கலக் கிண்ணத்தைத் தட்டி ஓசை கேட்பது, சோலைக்காட்டில் வெறுங்காலோடு நடப்பது, ராத்திரி மஞ்சள் பால், எல்லாம் சேர்த்து 2 இரவு 3 பகல். தலைப்பு: ‘மரபின் வழியே முழுமையான மனநலம்’. கட்டணத்தை இங்கே எழுதினால் எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

எனக்கு அவர்மேல் கோபம் எதுவும் இல்லை. அடித்துக் கொடுத்தேன், காசு வாங்கினேன். ஆனால் மரபையும் மனசையும் உடம்பையும் வயிற்றுப்பாட்டையும் ஒன்றாகப் பார்க்கிற வைத்தியம் என்றால் எனக்கு ஞாபகம் வருவது வேறு ஆட்கள். அமெரிக்காவின் கறுப்பின மக்களும் ஆப்பிரிக்காவின் சில மருத்துவர்களும் எண்பது வருடங்களாக இதைச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே கிண்ணம் கிடையாது. சர்ச்சின் கீழ்த்தளம், முடி வெட்டுகிற நாற்காலி, கிளினிக் வாசலில் ஒரு மரப் பெஞ்சு, அவ்வளவுதான் செலவு. ராத்திரி ராத்திரியாக இதைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன், யாரிடமாவது கொட்டியே ஆக வேண்டும். பதிவு கொஞ்சம் நீளம், டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் அவர்கள் ஏன் ஆஸ்பத்திரியை விட்டு விலகி நின்றார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் எஜமானனிடமிருந்து தப்பி ஓடுவது ஒரு மனநோய் என்று மருத்துவ இதழில் எழுதினார். டிராப்டோமேனியா என்று அதற்குப் பெயரும் வைத்தார், வைத்தியமாகச் சவுக்கடியையும் சொன்னார். சரி, அது அந்தக் காலம் என்று விட்டுவிடலாமா? அலபாமாவின் டஸ்கிகியில் 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் நோய் இருந்த ஏறக்குறைய 400 கறுப்பின ஆண்களை, பெனிசிலின் வந்த பிறகும் மருந்து கொடுக்காமல், நோய் எப்படிப் போகிறது என்று அரசு மருத்துவர்களே வேடிக்கை பார்த்தார்கள். இன்றைக்கும் ஒரே மாதிரி அறிகுறிகளோடு போனால் வெள்ளைக்காரருக்கு மனச்சோர்வு என்றும் கறுப்பினத்தவருக்கு மனச்சிதைவு என்றும் எழுதுகிற போக்கு அதிகம் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் தன் துறையில் நடந்த இனவெறிக்காக 2021 ஜனவரியில்தான் மன்னிப்புக் கேட்டது. இத்தனைக்குப் பிறகு ‘அவங்க டாக்டர்கிட்ட வர மாட்டேங்கறாங்க, விழிப்புணர்வு இல்லை’ என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அவர்கள் நன்றாக விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆனால் மனசு வலிக்கிறதே, அதற்கு எங்கே போவது? நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1946இல் செயின்ட் பிலிப்ஸ் சர்ச்சின் கீழ்த்தளத்தில் லஃபார்க் கிளினிக் என்று ஒன்று தொடங்கினார்கள். ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் முன்னின்றார், பார்த்தவர்கள் எல்லாம் சம்பளம் வாங்காத ஆட்கள். வாரத்தில் இரண்டு சாயங்காலம் திறந்திருக்கும். சாயங்காலம் என்பதைக் கவனியுங்கள், பகலில் வேலைக்குப் போகிறவன் கூலியை இழக்காமல் வரலாம். கட்டணம் 25 சென்ட், அதுவும் இல்லாதவருக்கு இலவசம். வருகிறவரைச் சோபாவில் படுக்கவைத்துக் குழந்தைப் பருவத்தைக் கிண்டுவதோடு நிறுத்தாமல், வீட்டு வாடகை, வேலையில் நடக்கும் அவமானம், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைத் தனியாக உட்காரவைப்பது எல்லாவற்றையும் நோயின் பாகமாகவே எடுத்துப் பேசினார்கள். 1958இல் மூடிவிட்டார்கள், நிரந்தரமாகப் பணம் போட ஆள் கிடைக்கவில்லை. நல்ல காரியங்களுக்கு எல்லா ஊரிலும் இதே கதிதான் போலிருக்கிறது.

அப்புறம் 1968இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கறுப்பின உளவியலாளர்கள் தனிச் சங்கம் கண்டார்கள். அவர்களுடைய சண்டை எளிமையானது. வெள்ளை நடுத்தரக் குடும்பத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு எங்களை அளந்தால் எங்களிடம் குறை மட்டும்தான் தெரியும், பாட்டி வளர்த்த பிள்ளை, மாமா வீட்டில் தங்கிப் படிக்கிற பிள்ளை எல்லாம் ‘சிதைந்த குடும்பம்’ ஆகிவிடும், ஆனால் அந்தப் பாட்டியும் மாமாவும்தான் நாங்கள் இத்தனை வருடம் உயிரோடு இருந்ததற்கே காரணம் என்றார்கள். இதைப் படித்தபோது நான் எங்கள் வீட்டைத்தான் நினைத்தேன்.

நாங்கள் ‘சிலோன்காரங்க’. அதாவது 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டதில் இந்தப் பக்கம் அனுப்புவதென்று எண்ணி ஒதுக்கப்பட்ட 5,25,000 பேர் கணக்கில் என் அப்பாயியும் ஒருவர். அங்கேயே பிறந்து அங்கேயே பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற வரிசை) நின்று அங்கேயே பிள்ளை பெற்றவர், தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் பார்த்தே இராத ஒரு மலைக்கு ‘தாயகம் திரும்பியவர்’ ஆனார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாயி நடுராத்திரியில் எழுந்து டிரங்குப் பெட்டியைத் திறப்பார். மஞ்சள் துணியில் சுற்றிய காகிதங்கள் இருக்கும்: பாஸ்போர்ட், குடும்ப அட்டை, முகாமில் கொடுத்த சீட்டு. ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் விரித்து, மடிப்பை விரலால் நீவி, திரும்ப அதே வரிசையில் மடித்து வைப்பார். படிக்கத் தெரியாது. எந்தக் காகிதம் எது என்பது மடிப்பிலும் கறையிலும்தான் தெரியும். அது முடிந்தால்தான் தூக்கம் வரும். வீட்டில் அதற்குக் ‘காகிதக் கிறுக்கு’ என்று பெயர்.

கறுப்பின உளவியலாளர்களில் சிலர் அடிமைக் காலத்து அடி பேரன் பேத்தி வரைக்கும் உடம்பிலும் பழக்கத்திலும் இறங்கி வருகிறது என்கிறார்கள். இது எந்த அளவுக்கு அறிவியல், எந்த அளவுக்கு விளக்கம் என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு, நான் அதில் நுழையவில்லை. ஆனால் காகிதம் இல்லை என்பதற்காக ஒரு தீவை விட்டே கிளப்பப்பட்ட பெண்ணுக்கு நடுராத்திரியில் காகித பயம் வருவது மூளைக் கோளாறு மட்டும்தானா? என் கடைக்கு இன்றைக்கும் அதே சனத்தின் பேரப்பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்கு வந்து, தாத்தா காலத்துக் குடும்ப அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் வைத்து இரண்டு கையாலும் நீட்டுகிறார்கள். ஸ்கேன் எடுக்க வாங்கும்போது சட்டென்று விடமாட்டார்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது எதுவும் தெரியாது. எஸ்டேட் ஆள் என்றால் குடி, சண்டை, கடன், பூச்சிமருந்து. நம் ஊர் நாளிதழ் மூன்று வரியில் ‘வயிற்றுவலி காரணமாக’ என்று முடித்துவிடும். கூலி, ஓய்வுபெற்றால் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்களே என்ற பயம், கரடி நிற்கும் பாதையில் விடிகாலை நடப்பது, இதெல்லாம் வியாதியின் பக்கத்தில் எழுதப்படுவதே இல்லை. சிறு விவசாயிகள் மட்டும் என்ன, பச்சைத் தேயிலை விலை விழும்போதெல்லாம் எந்தெந்த வீட்டில் தூக்கம் போகும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஜிம்பாப்வே பெஞ்சுக்கு வருகிறேன், எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதுதான். டிக்சன் சிபாண்டா என்பவர் ஹராரேயில் மனநல மருத்துவர், நாடு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய மனநல மருத்துவர்களில் ஒருவர். அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இளம்பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். ஏன் முன்னாடியே கூட்டிவரவில்லை என்று கேட்டதற்கு அந்தப் பெண்ணின் அம்மா சொன்ன காரணம், பஸ்ஸுக்கு 15 டாலர் இல்லை. சிபாண்டா இதைத் தானே மேடையில் சொல்லியிருக்கிறார். மாத்திரை இருந்தது, டாக்டர் இருந்தார், நடுவில் பஸ் காசு இல்லை.

2006இல் அவர் ம்பாரே என்ற ஏழைக் குடியிருப்பில் 14 பாட்டிகளோடு வேலையைத் தொடங்கினார். அவர்கள் ஏற்கெனவே சுகாதாரப் பணிக்காக வீடு வீடாகப் போய்வருகிறவர்கள், எந்த வீட்டில் எது வேகும், எது வேகாது என்று தெரிந்தவர்கள். கிளினிக் வளாகத்தில் மரத்தடியில் ஒரு பெஞ்சு. ‘மனநலப் பெஞ்சு’ என்று பெயர் வைக்கப் பார்த்தபோது ஒருத்தரும் வந்து உட்கார மாட்டார்கள் என்று பாட்டிகள்தான் தடுத்தார்களாம், அதனால் ‘நட்புப் பெஞ்சு’ ஆனது. வருகிறவர் பேசுவார், பாட்டி கேட்பார், பிரச்சினைகளில் எதை முதலில் எடுப்பது என்று இருவரும் சேர்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள், அடுத்த தடவை வருவதற்குள் அதற்கு ஒரு காரியம் செய்து பார்க்க வேண்டும். அதற்கப்புறம் ஒரு குழுவில் சேர்த்துவிடுவார்கள், அங்கே பெண்கள் பழைய பிளாஸ்டிக்கைப் பின்னிப் பை செய்துகொண்டே பேசுவார்கள், பையை விற்றுக் காசும் பார்ப்பார்கள். 2016 டிசம்பரில் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 24 கிளினிக்குகள், 573 பேர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான கவனிப்பு பெற்ற குழுவில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மனச்சோர்வு அப்படியே இருந்தது, பாட்டிகளோடு பேசிய குழுவில் ஏழில் ஒருவருக்குத்தான். மாத்திரை கம்பெனிகள் பொறாமைப்படுகிற கணக்கு.

முடி வெட்டும் கடைக் கதையும் இதே தினுசு. 2018இல் வந்த லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வு ஒன்று, 52 கடைகள், பிரஷர் அதிகமாக இருந்த 319 கறுப்பின ஆண்கள். மருந்தாளுநர் கடைக்கே வந்து மருந்து கொடுத்த கூட்டத்தில் ஆறு மாதத்தில் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியது, முடிதிருத்துநர் சும்மா அறிவுரை மட்டும் சொன்ன கூட்டத்தில் 9 புள்ளிதான். அது பிரஷர், மனசு இல்லை என்பீர்கள். அதே நாற்காலியில்தான் இப்போது கறுப்பின முடிதிருத்துநர்களுக்கு மனத்துயரைக் காதுகொடுத்துக் கேட்கவும் பயிற்சி கொடுக்கிறார்கள். கத்தி கழுத்தில் இருக்கும்போதும் நம்புகிற ஆளிடம் வேறு எதைத்தான் சொல்ல மாட்டான் மனுசன்? நம் பக்கத்திலும் நாவிதர் வீட்டுப் பாட்டிகள்தானே பிரசவம் பார்த்தார்கள், அவர்களைத் திண்ணைக்குக் கீழே நிற்கவைத்துவிட்டு அந்தக் கைவைத்தியத்தை மட்டும் வாங்கிக்கொண்டது நம் ஊர்.

இங்கே ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் மரபு என்றதும் நம் ஆட்களுக்கு உடனே குஷி வந்துவிடும். மரபு எல்லாம் மருந்தாகாது. கறுப்பினப் பெண் எழுத்தாளர்களும் செவிலியர்களும் தங்கள் சமூகத்தை நோக்கியே இதைக் கத்தியிருக்கிறார்கள்: ‘நீ பலசாலிப் பெண், தாங்குவாய்’ என்று தட்டிக்கொடுத்தே எங்களைக் கொன்றுவிட்டீர்கள், ஜெபம் பண்ணு, சரியாகும் என்று சொல்லிச் சொல்லி மாத்திரையைத் தள்ளிப்போட வைத்தீர்கள் என்று. ‘பொம்பளைன்னா பொறுத்துப்போகணும்’ கேட்காத காது நம் வீட்டில் உண்டா?

அதைவிட மோசமானது நம்மிடம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி, தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகம். சங்கிலியால் கட்டியிருந்ததால் தீயில் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்ட குடும்பங்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, அந்த மண்ணில் நம்பிக்கை வைத்துத்தான் விட்டார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது, ஆனால் பின்கட்டு அறைக்கு வெளியிலிருந்து போடுகிற தாழ்ப்பாளை எந்தச் சட்டம் போய் எண்ணும்?

அதே சமயம் மறுபக்கமும் உண்டு. 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் தமிழ்நாட்டின் ஒரு முத்துசாமி கோயிலைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அங்கே தங்கிய 31 பேரைப் பார்த்தார்கள். தனியாகப் பூஜை, அடி, பேயோட்டு எதுவும் கிடையாது, வீட்டாள் ஒருவரோடு தங்குவது, கோயிலைக் கூட்டிப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. கிளம்பும்போது அறிகுறிகளின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. நைஜீரியாவின் அபியோகுட்டாவில் லாம்போ என்ற மருத்துவர் 1954இலேயே இதைச் செய்திருந்தார், நோயாளியை வீட்டாள் ஒருவரோடு பக்கத்துக் கிராமங்களில் குடிவைத்து, பகலில் ஆரோ மருத்துவமனைக்கு வரச் சொல்லி, உள்ளூர் வைத்தியர்களையும் கூடச் சேர்த்துக்கொண்டார். நம் வேலூர் பாகாயத்தில் 1957 முதல் நடக்கிற மனநல மையத்திலும் குடும்பம் கூடத் தங்குவதுதான் வழக்கம். ஃபிரான்ஸ் ஃபனோன் என்ற கறுப்பின மனநல மருத்துவர் அல்ஜீரியாவின் பிளிதா மருத்துவமனைக்கு 1953இல் போனபோது, ஐரோப்பியப் பெண்கள் வார்டில் பலித்த கூட்டமும் பத்திரிகையும் சினிமாவும் முஸ்லிம் ஆண்கள் வார்டில் அப்படியே படுத்துவிட்டன. அப்புறம் அவர்கள் ஊர்க் காப்பிக்கடை மாதிரி ஒன்றை உள்ளேயே போட்டு, பண்டிகை கொண்டாடி, கதை சொல்லியைக் கூப்பிட்டு வந்தபோதுதான் ஆட்கள் கட்டிலைவிட்டு எழுந்தார்கள்.

எங்கள் லயத்திலும் கோடாங்கி உண்டு. உடுக்கை அடித்துக் குறி சொல்லி, ‘உன் கொழுந்தியாதான் வயிறெரியறா’ என்று ரெண்டு குடும்பத்தை மூட்டிவிட்டுப் போகிறவரும் உண்டு, ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்டு, திருநீறு போட்டு, ‘நாளைக்குக் காலையில ஊட்டிக்குப் போய் டாக்டரையும் பார்த்திரு தாயி’ என்று அனுப்புகிற பெரியவரும் உண்டு. இரண்டாவது ஆளை யாரும் பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட்டதே இல்லை.

சரி, நம்மிடம் பெஞ்சு இல்லையா? இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். எங்கள் பக்கத்து அக்கா ஒருவர் பிரஷர் மெஷினும் சர்க்கரை மாத்திரையுமாக லயத்து வாசல்களில் ஏறி இறங்குகிறார். கையில் பட்டையைச் சுற்றி அழுத்தும்போது ‘என்னக்கா, போன தடவையைவிட ஏறியிருக்கே’ என்பார். அவ்வளவுதான், மகன் குடித்துவிட்டு வந்தது, மருமகள் அம்மா வீட்டுக்குப் போனது, பி.எஃப். பணம் இன்னும் வராதது எல்லாம் கொட்டும். அவர் மெஷினைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருப்பார், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்த்தாலும் பிரஷர் பார்க்கிறார்கள் என்றுதான் நினைப்பாள். ஹராரே பாட்டிகளுக்குக் கொடுத்த அந்தப் பயிற்சியை இந்த அக்காவுக்குக் கொடுத்தால் போதாதா? ஆனால் ஏற்கெனவே சொற்ப ஊக்கத்தொகைக்கு மலை ஏறி இறங்குகிறவர் தலையில் இதையும் சும்மா ஏற்றக் கூடாது. கேட்பதும் வேலை, அதற்கும் கூலி வேண்டும்.

மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம். எங்கள் லயத்தில் ஒரு தம்பி, காதில் குரல் கேட்கிறது என்று தவித்தவன், மாத்திரையால்தான் இன்றைக்குப் பொட்டலம் கட்டுகிற வேலைக்குப் போய்வருகிறான். அவன் அம்மா அந்தக் காகித உறைகளில் 1-0-1 என்று எழுதியதைப் படிக்கத் தெரியாமல், சூரியன், நிலா என்று படம் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் வந்தார். அந்த அம்மாவுக்குப் பிரச்சினை மாத்திரை இல்லை. மருத்துவர் வருகிற நாள் வேலைநாள், போனால் அன்றைய கூலி போச்சு, இரண்டு பேருக்கு பஸ் காசு, மத்தியானம் ஏதாவது சாப்பிட வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காகப் போவார், நாலாவது மாதம் பச்சை விலை விழுந்து வேலைநாள் குறைந்தால் விட்டுவிடுவார், குரல் திரும்ப வரும்.

அதனால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஒரு மனு அடித்து வைத்திருக்கிறேன். மனநல மருத்துவர் வருவது மாதத்தில் ஒரு தடவையாவது ஞாயிற்றுக்கிழமையாகவோ சாயங்காலமாகவோ இருக்க வேண்டும், மாத மாத்திரையைப் பிரஷர் மாத்திரையோடு சேர்த்து அந்த அக்காவின் பையிலேயே அனுப்ப வேண்டும், அவருக்குப் பயிற்சியும் அதற்கான தனித்தொகையும் வேண்டும். அதுவரைக்கும் 14416 இருக்கிறது, டெலிமனாஸ், காசு கிடையாது, தமிழிலேயே எந்நேரமும் பேசலாம், நம்பரைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக் கடைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். மனுவில் கையெழுத்துப் போடுகிறவர்கள் சனிக்கிழமைக்குள் வாருங்கள். கைநாட்டும் செல்லும், ஆதார் நகல் எடுக்கக் காசு வேண்டாம்.